கடற்கரையோரம் நான்கு நாள் நடை: கூடாரம் வாங்கும் முன் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள்

நண்பர்கள் நான்கு பேர். நான்கு பகல், மூன்று இரவு. கடலை ஒட்டியே நடந்து, கரையிலேயே கூடாரம் போட்டுத் தங்க வேண்டும். யாருக்கும் முன் அனுபவம் கிடையாது. நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுவிட்டு, எந்தக் கூடாரம் வாங்கலாம், பை எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாரத்துக்கும் பைக்கும் பிறகு வருகிறேன். முதலில் அந்த 20 கிலோமீட்டரை அடித்துவிட்டு 10 என்று எழுதுங்கள். கடற்கரை என்றால் சமதளம், மூச்சு வாங்காது என்ற நம்பிக்கையில் போடப்பட்ட கணக்கு அது. உலர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டியான தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. முதுகில் சுமையும் இருந்தால் கால் இன்னும் ஆழமாகப் புதையும். நீர் வற்றிய பிறகு அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் மட்டுமே நல்ல நடைபாதை. அது ஒரு நாளில் சில மணி நேரம்தான் கிடைக்கும். பந்து அளவு உருண்டைக் கற்கள் நிறைந்த கரையாக இருந்தால் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போவதே பெரிய காரியம். பாதை செங்குத்துப் பாறைகளின் மேல் போகிறது என்றால் வேறு கதை: ஒவ்வோர் ஓடைக்கும் கடல்மட்டம் வரை இறங்கி, மறுபடியும் மேலே ஏற வேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை சுமார் 1,014 கிலோமீட்டர் நீளம். அதை முழுதாக நடந்தால் ஏறும் உயரம் மொத்தம் ஏறக்குறைய 35,000 மீட்டர், அதாவது கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சியை நான்கு முறை தொடும் அளவு. கடலோரம்தானே என்று இளப்பமாக நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எண் போதும்.

ஆனாலும் தூரத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் களைப்பு அல்ல. மலையில் நீங்கள் எப்போது கிளம்பினாலும் பாதை இருந்த இடத்திலேயே இருக்கும். கடற்கரையில் நீர் ஏறி, பாதையே ஒரு நாளில் இரண்டு முறை காணாமல் போகும். உங்கள் நேர அட்டவணையைக் கடல்தான் எழுதுகிறது, நீங்கள் அதற்குள் நடக்கிறீர்கள். அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு நாளில் ஓய்வு நேரம் மிச்சமிருக்க வேண்டும். இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் மற்றவை எல்லாம் சிறு சிறு ஏற்பாடுகள்தான்.

ஆகவே ஏற்றவற்றத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பற்றி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலகின் பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் எல்லாமே அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். எவ்வளவு உயரம் ஏறும் என்பது இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகிறது. மத்தியதரைக் கடலின் பல பகுதிகளில் அரை மீட்டர்கூட இருக்காது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கரையில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அது மிகக் குறைவு என்றால் அடுத்த சில பத்திகளை வேகமாகப் படித்துக் கடந்துவிடலாம்.

நீர் ஒரே சீரான வேகத்தில் ஏறுவதில்லை. மாலுமிகளிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. வற்றத்திலிருந்து ஏற்றம் வரையிலான ஆறு மணி நேரத்தில், மொத்த உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் மணியில் ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் மணியில் மூன்று, நான்காம் மணியில் மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே பாதி உயரம் ஏறிவிடுகிறது என்று பொருள். ‘இப்போதுதானே முழங்கால் அளவு வந்திருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது’ என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு மணி நேரத்தில்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அதற்கு அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அரைநிலாக் காலத்தில் இரண்டும் மிதமாக இருக்கும். எந்த நேரத்தில் எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே சொல்லும் ஏற்றவற்ற அட்டவணையில் உள்ள எண் ஒரு கணிப்பு மட்டுமே என்பதையும் மறக்காதீர்கள். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் பலத்த காற்று இன்னும் தண்ணீரைக் கொண்டுவந்து குவிக்கும். புயல் சின்னம் உருவாகியிருக்கும்போது அட்டவணையை நம்பி ஒரு பாறைமுனையைச் சுற்றப் போகக் கூடாது.

இனி இதைத் திட்டமாக மாற்றுவது எப்படி? வரைபடத்தை விரித்து, ஏற்றத்தின்போது கடக்க முடியாத இடங்களைக் குறியுங்கள். பாறைமுனைகள், முகத்துவாரங்கள், பின்னால் செங்குத்துச் சுவர் நிற்கும் குறுகிய மணல் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ‘நீர் மட்டம் இத்தனை மீட்டருக்குக் கீழ் இருக்கும்போது கடக்கலாம்’ என்ற அளவு பெரும்பாலும் அந்தப் பாதையைப் பராமரிக்கும் அலுவலகத்திடமோ அச்சிட்ட வரைபடத்திலோ கிடைக்கும். பிறகு தேதியைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் காலை 6 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த நாள்களில் 6.50, 7.40, 8.30 என்று நகரும். நான்கு நாளும் காலைக் குளிர்ச்சியிலேயே கடினமான இடங்களைக் கடந்துவிடலாம். அதுவே முதல் நாள் பகல் 2 மணிக்கு வற்றம் என்றால் கடைசி நாள் மாலை 4.30 ஆகிவிடும், இருட்டுடன் போட்டி போட வேண்டியிருக்கும். விடுமுறை கிடைக்கும் தேதியை வைத்துத் திட்டமிடுவதைவிட, ஒரு வாரம் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, வற்றம் காலையில் வரும் தேதிக்கு விடுமுறை எடுப்பது மேல். ஓர் உபரித் தகவல்: ஒரே இடத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் வற்றங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் வரும். ஒரு முறை அந்த நேரத்தைத் தெரிந்துகொண்டால் மாதத்தில் எந்த நாள்கள் உங்களுக்கு ஏற்றவை என்பதை நாள்காட்டியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம்.

அட்டவணையைப் படிக்கும்போது ஒரு பொறி உண்டு. கோடைகால நேர மாற்றம் உள்ள நாடுகளில் சில அட்டவணைகள் அந்த ஒரு மணி நேரத்தைச் சேர்க்காமலே அச்சிடப்படுகின்றன. எந்த நேரக் கணக்கு என்பது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்த பிறகே மேலே உள்ள எண்களைப் படியுங்கள். உங்கள் கரைக்கு மிக அருகில் உள்ள, நீர்மட்டம் அளக்கும் நிலையத்தின் அட்டவணைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். தேவையான நாள்களை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, நால்வரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது.

எப்போதும் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போதே கடினமான இடத்துக்குள் நுழையுங்கள். வற்றத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பினால், நடுவில் ஒருவருக்குக் கால் சுளுக்கினாலும் வற்றம் வரை நிலைமை மேம்பட்டுக்கொண்டேதான் போகும். வற்றத்துக்குப் பிறகு கிளம்பினால் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உங்களுக்கு எதிராக வேலை செய்யும். நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் கடலோரப் பாதையில் அவரோவா என்ற கழிமுகம் இருக்கிறது. வற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பிலிருந்து இரண்டு மணி பின்பு வரைதான் அதைக் கடக்க முடியும், சுற்றிப் போக மாற்றுவழி இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஆட்டர் பாதையில் நான்காம் நாள் வரும் ப்ளூக்ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்துக்காகவே பலர் விடியும் முன் தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கத் தொடங்குவார்கள். கலிஃபோர்னியாவின் ‘தொலைந்த கரை’ப் பாதையிலோ, ஏற்றத்தின்போது கடக்கவே முடியாத பகுதிகள் மைல் கணக்கில் நீள்கின்றன. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் கடல். முதல் பயணத்துக்கு அப்படிப்பட்ட இடம் வேண்டாம்.

அப்படியென்றால் எது வேண்டும்? நடுவில் வெளியேற வழி உள்ள பாதை. இரண்டாம் நாள் மதியம் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் சாலையையோ கிராமத்தையோ படகுத்துறையையோ அரை நாளில் அடைய முடிய வேண்டும். சற்று முன் சொன்ன ஏபல் டாஸ்மன் பாதை 60 கிலோமீட்டர். அதை மூன்று முதல் ஐந்து நாளில் நடக்கிறார்கள். வழியில் பல இடங்களில் வாடகைப் படகுகள் வருவதால், வேண்டாம் என்று தோன்றினால் ஏறிக் கிளம்பிவிடலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதற்கு நேர்மாறானது கனடாவின் வான்கூவர் தீவில் உள்ள 75 கிலோமீட்டர் மேற்குக் கடலோரப் பாதை. 1906இல் ‘வலென்சியா’ என்ற கப்பல் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, கரை ஒதுங்குபவர்களைக் காப்பாற்றுவதற்காக மேம்படுத்தப்பட்ட பாதை அது. உயரமான ஏணிகள், கம்பிவடத்தில் தொங்கும் இழுவைப் பெட்டிகள், சேறு என்று போகும். படங்களைப் பார்த்து மயங்கி அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

அனுமதி பற்றி ஒரு வரி: கடற்கரையில் கூடாரம் போடுவது உலகில் பல இடங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது, வேறு பல இடங்களில் முன்பதிவு வேண்டும். அந்தப் பகுதியின் வனத்துறை, பூங்கா நிர்வாகம் அல்லது உள்ளாட்சி அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். வேறு யாரோ தங்கியதாகச் சொன்னார் என்பது அனுமதி ஆகாது.

இப்போது கூடாரம். உண்மையில் எதை வாங்குகிறீர்கள் என்பதைவிட எங்கே போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். கரையில் காய்ந்த கடற்பாசி, குச்சி, நுரை, குப்பை எல்லாம் ஒரு கோடாகக் கிடக்கும். கடைசி ஏற்றம் அங்கு வரை வந்தது என்பதற்கான அடையாளம் அது. ஆனால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கோடுகள் இருக்கும். மேலே இருப்பது பழைய, பெரிய ஏற்றத்தின் தடம். அந்த மேல்கோட்டுக்கும் மேலே போய், நிரந்தரச் செடிகள் தொடங்கும் இடத்தை ஒட்டி, ஆனால் செடிகளின் மேல் அல்லாமல் போடுங்கள். மணல்மேட்டுச் செடிகள்தான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கின்றன, மிதித்தால் மீளப் பல வருடம் ஆகும். இரவில் வரும் ஏற்றம் பகலில் வந்ததைவிட உயரமாக இருக்குமா என்று அட்டவணையில் பாருங்கள். பல கரைகளில் ஒரே நாளின் இரண்டு ஏற்றங்களும் சமமாக இருக்காது. ஓடை கடலில் கலக்கும் இடத்தின் பக்கத்தில் படுக்க ஆசையாக இருக்கும், வேண்டாம். மேலே எங்கோ மழை பெய்தால் உங்களுக்குத் தெரியும் முன்பே நீர் வந்துவிடும், ஓடையின் வாயும் ஒரே இரவில் இடம் மாறும். செங்குத்துப் பாறைக்கு அடியிலும் வேண்டாம். தரையில் புதிதாக உடைந்த கற்கள் கிடக்கின்றனவா என்று பார்த்தாலே காரணம் புரியும். பாறையின் மேல் என்றால் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். கீழே கடல் அரித்து வெற்றிடமாகியிருப்பது மேலிருந்து தெரியாது.

சாதாரண முளைகள் மணலில் நிற்காது. காற்று இரண்டு முறை உலுக்கினால் கையோடு வந்துவிடும். இதற்கு நம்பகமான வழி: சிறிய துணிப்பையில் மணலை நிரப்பி, கூடாரத்தின் கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். பைக்குப் பதில் ஒரு கட்டையைக் குறுக்காகப் புதைத்தாலும் போதும். பெரிய கற்கள் கிடைத்தால் கயிற்றின் மேல் அடுக்கலாம். பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று இரவில் பெரும்பாலும் திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். எனவே மாலையில் காற்றுக்கு மறைவாக இருந்த வாசல் நள்ளிரவில் காற்றை எதிர்கொண்டு நிற்கும். நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டாமல் தூங்கப் போகாதீர்கள்.

வாங்குவதைப் பற்றிச் சொல்வதானால், முதல் முறைக்கு இரவல் அல்லது வாடகைக் கூடாரமே போதும். தாழ்வான உயரம், அலுமினியக் கம்பிகள், வெளி மூடி தரைவரை வருவது, முளையடிக்காமலே தானாக நிற்கும் அமைப்பு, இவை இருந்தால் சரி. உட்சுவர் முழுக்க வலையாக இருக்கும் கூடாரம் காற்றோட்டத்துக்கு நல்லது, ஆனால் பலத்த காற்றில் நுண்மணல் அந்த வலை வழியாகச் சலித்து உங்கள் முகத்தில் விழும். ஜிப் பற்களில் மணல் சிக்கினால் இழுத்துப் போராடாதீர்கள். ஒரு பழைய பல் துலக்கியால் தட்டிவிட்டு, நன்னீர் ஊற்றிக் கழுவுங்கள். கடலோரக் கூடாரங்கள் முதலில் சாவது ஜிப்பில்தான்.

பை 50 முதல் 60 லிட்டர் போதும். அதைவிடப் பெரியது வாங்கினால் நிரப்பாமல் விடமாட்டீர்கள். உணவும் தண்ணீரும் சேர்த்த மொத்த எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையின் மழைமூடியை நம்பாமல், உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். உறக்கப்பையும் இரவில் போடும் உலர்ந்த உடையும் எந்த நிலையிலும் நனையக் கூடாது. கடற்காற்றில் ஈரமாகவே கிடந்து குளிரில் நடுங்குவது வெப்பமான நாடுகளிலும் நடக்கும். பருத்தி உடை உப்பு ஈரத்தில் காயவே காயாது. சட்டை, காலுறை இரண்டிலும் செயற்கை இழை அல்லது கம்பளி நூல் வகைதான் உதவும்.

தண்ணீர்தான் பலர் கவனிக்கத் தவறும் விஷயம். கண்ணெதிரே அவ்வளவு நீர் இருந்தும் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. நடைப்பயணத்துக்கு எடுத்துச் செல்லும் சாதாரண வடிகட்டி எதுவும் உப்பை நீக்காது. காய்ச்சினாலும் போகாது, குளோரின் மாத்திரை போட்டாலும் போகாது. ஓடையின் வாயருகே பிடித்த தண்ணீர் ஏற்றத்தின்போது உவர்த்துவிடும். கடல் உள்ளே ஏறி வந்து கலப்பதே காரணம். வற்ற நேரத்தில், ஓடையோடு உள்நோக்கிச் சற்றுத் தொலைவு நடந்து, அலை எட்டாத இடத்தில் பிடியுங்கள், முதலில் ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வடிகட்டுவதோ காய்ச்சுவதோ கட்டாயம். மேலே கால்நடை மேய்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. தேநீர் நிறத்தில் இருக்கும் நீர் பெரும்பாலும் இலை, வேர்களின் சாறு இறங்கியது, பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டர், வெயில் கடுமையாக இருந்தால் அதற்கும் மேல். வரைபடத்தில் நீலக்கோடு இருக்கிறது என்பதற்காக ஓடையில் நீர் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், அந்தப் பருவத்தில் ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கொதிநீர் ஊற்றினால் வெந்துவிடும் உலர் உணவுகள், கொட்டைப் பருப்புகள், உலர்பழம், கூடவே ஒரு நாளைக்கான உபரி. அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு தேவை, ஆனால் வாயு உருளையை முழுக்கச் சுற்றி மூடிவிடாதீர்கள், சூடேறி ஆபத்தாகும். மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் சமைக்கக் கூடாது. தீப்பிடிப்பது ஒருபுறம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். எலி, நண்டு, குரங்கு, ரக்கூன், கரடி என்று ஒவ்வொரு கரைக்கும் ஒரு திருடன் உண்டு. யார் என்பதைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற பெட்டியில் உணவைப் பூட்டுங்கள்.

கால்களுக்கு வருவோம். இந்த நடையைப் பாதியில் நிறுத்தும் மிகச் சாதாரணக் காரணம் கொப்புளம். மணலும் ஈரமும் சேர்ந்தால் காலுறைக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். கணுக்காலைச் சுற்றி மணல் புகாமல் தடுக்கும் குட்டையான துணி உறை ஒன்று மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். தோல் எங்கேயாவது சூடாக உணர்ந்த உடனேயே நின்று, காலணியைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். ‘அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் அடுத்த ஓய்வில் கொப்புளம்தான் இருக்கும். கூட வருபவர்களைக் காக்க வைக்கிறோமே என்று கூச்சப்படும் ஆள்தான் மூன்றாம் நாள் எல்லோரையும் காக்க வைப்பார். மூன்று ஜோடிக் காலுறை: ஒன்று காலில், ஒன்று பையின் வெளியே காய்ந்துகொண்டு, ஒன்று தூங்குவதற்கு மட்டும். முகாமில் போட ஒரு செருப்பு, பின்பட்டை உள்ளதாக இருந்தால் அதையே போட்டுக்கொண்டு ஓடைகளையும் கடக்கலாம். தொடையிடுக்கிலும் அக்குளிலும் உப்பு அரிப்பதற்கு வாசலின் களிம்பு போதும், நாள் முடிவில் ஒரு குவளை நன்னீரால் அந்த இடங்களைத் துடைத்துவிடுங்கள்.

வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும், கடல்நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. தொப்பி போட்டும் மூக்கின் அடிப்பகுதியும் தாடையும் வெந்துபோவது இதனால்தான். காற்று குளிர்ச்சியாக வீசுவதால் சுடுவதே தெரியாது. முழுக்கைச் சட்டையைவிடச் சிறந்த களிம்பு கிடையாது.

ஓடையைக் கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். வேகமாக ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் என்றால் கடக்க வேண்டாம், நீர் வற்றும்வரை காத்திருங்கள் அல்லது மேலே அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள். ஈரப் பாறைகளில் கறுப்பாகவோ பச்சையாகவோ வழவழப்பது பாசி, சொரசொரப்பான சிப்பி ஒட்டியிருக்கும் இடத்தில் கால் வைத்தால் பிடிமானம் கிடைக்கும். பாறைமுனையைச் சுற்றுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று அலைகளைப் பாருங்கள். பல சிறிய அலைகளுக்குப் பிறகு திடீரென்று மிகப் பெரியது ஒன்று வரும், அது எங்குவரை எட்டுகிறது என்பதே கணக்கு. கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், படம் எடுக்கும்போது குறிப்பாக. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பெரிய மரங்களின் மேல் ஏறி உட்காருவதும் வேண்டாம். ஒரு கணுக்கால் அளவு நீர் வந்தாலே டன் கணக்கான மரம் உருண்டுவிடும்.

குளிக்க ஆசை வரும். ஆளில்லாத கரையில், காப்பாற்ற யாருமில்லாத இடத்தில், இடுப்பளவைத் தாண்டாதீர்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

2004க்குப் பிறகு சுனாமியைப் பற்றித் தமிழில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கூடாரத்தில் படுத்திருக்கும்போது என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிற்க முடியாத அளவு பலமாகவோ, இருபது விநாடிக்கு மேல் நீண்டோ நிலம் அதிர்ந்தாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும், எச்சரிக்கைக்குக் காத்திராமல் பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு மாலையும் கூடாரம் போட்டதும் அந்த மேடு எது, வழி எது என்று வெளிச்சத்திலேயே ஒரு முறை நடந்து பாருங்கள். முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பி வரவும் கூடாது.

கைப்பேசிச் சமிக்ஞை இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் திறக்கும்படி இறக்கி வைப்பது, காகித வரைபடம் ஒன்று, ஆளுக்கொரு விசில், உப்புநீர் படாத உறையில் பேட்டரி வங்கி. தொலைவான கரை என்றால் செயற்கைக்கோள் வழி உதவி கேட்கும் கருவியை வாடகைக்கு எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த இரவு எங்கே, எந்த நாள் எத்தனை மணிக்குள் பேசுவோம், பேசாவிட்டால் எந்த எண்ணை அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு நாள் தாமதத்துக்கு இடம் விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் கவலைப்படுவார்களே என்று ஏற்றத்தில் பாறைமுனையைக் கடக்கத் துணிந்துவிடுவீர்கள்.

கழிப்பறை இல்லாத இடங்களில் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுவதுதான் பொது வழக்கம். சில கரைகளில் விதி வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். நெருப்பு மூட்ட அனுமதி இருந்தால் அடுத்த ஏற்றம் கழுவிச் செல்லும் இடத்தில் மூட்டுங்கள். அணைக்கும்போது மணலைப் போட்டு மூடுவதுதான் எல்லோரும் செய்யும் வேலை, அது மோசமான வேலையும்கூட. மணலுக்கு அடியில் கங்கு பல மணி நேரம் சூடாகவே இருக்கும், மேலே தெரியாது, அடுத்த நாள் வெறுங்காலோடு வரும் குழந்தை மிதித்துவிடும். கடல்நீரை ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்க்கும் அளவுக்குக் குளிரச் செய்யுங்கள். ஆமைகள் முட்டையிடும் பருவம் என்றால் அந்தக் கரையில் தங்கவே தங்காதீர்கள். கூடாரமும் விளக்கும் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், குஞ்சுகளுக்கு வழி தவறும்.

நால்வரில் ஒருவரை ஏற்றவற்றத்துக்குப் பொறுப்பாக வையுங்கள். முந்தைய இரவே அவர் மறுநாள் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் ‘இப்போது கடக்க வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் வாக்கெடுப்பு கிடையாது. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பத் தயாராக இருப்பார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் என்பது குறைவாகத் தோன்றும். மதியம் இரண்டு மணிக்குக் கூடாரம் போட்டுவிட்டுக் பாறைகளுக்கிடையே தேங்கிய குளங்களில் நண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படித் தோன்றாது. அதற்காகத்தானே போகிறீர்கள்.

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு, முழுச் சுமையோடு ஒரு நாள் மணலில் ஆறேழு கிலோமீட்டர் நடந்து, ஒரே ஓர் இரவு கூடாரத்தில் தூங்கிப் பாருங்கள். காற்று வீசும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், மணல்பையைப் புதைத்துக் கயிறு கட்டவும் அன்றே பழகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் தொடாத பொருள்களை எல்லாம் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், முதலுதவிப் பெட்டியையும் மழைச் சட்டையையும் தவிர. பாதையும் தேதியும் முடிவானதும் அந்த நான்கு நாள்களின் வற்ற நேரங்களையும் கடக்க வேண்டிய இடங்களையும் எழுதி அனுப்புங்கள், எந்த நாள் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.